விறாந்தை மரங்களைத் துளைக்கும் கருவண்டுகள்: கொல்லாமல் விலக்க முடியுமா?

கோண்டாவில்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது பாட்டனார் காலத்து ஓட்டு வீடு. முன்விறாந்தைக்குப் பனங் கைமரம் போட்டிருக்கிறது. அதன்மேல் உள்ள சலாகைகளில் பாதி பின்னாளில் மாற்றப்பட்டவை, அவை என்ன மரம் என்று வீட்டில் எவருக்கும் தெரியாது. இந்த ஆண்டு சித்திரை பிறந்ததிலிருந்து பெரிய கரிய வண்டுகள் விறாந்தையைச் சுற்றி இரைந்துகொண்டு திரிகின்றன. கைமரங்களின் அடிப்புறத்திலும் சலாகைகளின் ஓரங்களிலும் கவராயம் வைத்துக் கீறியதுபோல் வட்டமான துளைகள் விழுந்துள்ளன. காலையில் கூட்டிய விறாந்தையில் மத்தியானத்துக்குள் மீண்டும் மரத்தூள் குவிந்துவிடுகிறது. துளைகளுக்கு நேர்கீழே வெள்ளையடித்த சுவரில் மஞ்சள் கலந்த மண்ணிறக் கறைகள் வடிந்திருக்கின்றன. அப்பா சாய்மனைக் கதிரையில் படுத்திருக்கும் வேளையில் மரத்துக்குள்ளிருந்து கறகறவென்று கடிக்கும் ஓசைகூடக் கேட்கிறது.

அயலவர் ஒருவர் துளைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்கிறார். இன்னொருவர் சீமெந்தால் அடைக்கச் சொல்கிறார். கூடு வைத்த உயிரை அழிக்கக் கூடாது என்று அம்மா இரண்டுக்கும் மறுக்கிறார். எனக்கும் அம்மாவின் பக்கம்தான் மனம் சாய்கிறது, ஆனால் கூரையை இழக்கவும் முடியாது. இந்தத் துளைகளால் கூரைக்கு ஆபத்து உண்டா, வண்டுகளைக் கொல்லாமல் மரத்திலிருந்து விலக்க வழி உண்டா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

உரும்பிராய்த் தச்சர் எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்லும் அடையாளங்கள் கருவண்டுக்கே உரியவை. ஆனாலும் கைவைக்குமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள்; ஒரே கூரையில் கருவண்டும் கறையானும் உளுவும் சேர்ந்திருந்த வீடுகளில் நான் வேலை செய்திருக்கிறேன். கறையான் என்றால் சுவர் வழியே மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறும். மரத்தின் மேற்பரப்பில் துளை தெரியாது, தட்டினால் வெறுமையாக ஒலிக்கும். உளு என்றால் 1 அல்லது 2 மில்லிமீற்றர் அளவான துளைகள் கூட்டமாக இருக்கும், அவற்றிலிருந்து மாவுப் பதத்தில் தூள் கொட்டும். கருவண்டின் துளை 1 சென்ரிமீற்றருக்கு மேல் அகலமானது. அது தள்ளும் தூள் பருமனாகவும் கையில் நெருடுவதாகவும் இருக்கும். சுவரில் நீங்கள் காணும் மஞ்சட் கறை அதன் எச்சம்; மற்ற இரண்டுக்கும் அந்தக் கறை கிடையாது.

பனையின் வைரம் பாய்ந்த கரிய வெளிப்பகுதியை வண்டு இலகுவில் தொடாது. மரத்தைப் பிளந்து செதுக்கும்போது உட்பக்கத்தில் உள்ள வெளிறிய சோற்றுப்பகுதியை முழுவதும் நீக்காமல் விட்டிருந்தால், அந்தப் பக்கத்தால்தான் உள்ளே போகும். மாற்றிய சலாகைகள் வர்ணம் பூசாத மென்மரமாக இருந்தால் அவை அதற்கு இன்னும் வசதி.

நீங்கள் ஏணி வைத்து ஏறி ஒவ்வொரு துளையையும் ரோச் ஒளியில் பாருங்கள். விளிம்பு கறுத்து, தூசியும் சிலந்தி வலையும் படிந்திருந்தால் அது பழைய துளை. வெளிறிய புது மரம் தெரிந்தால் இப்போது வேலை நடக்கிறது என்று பொருள். பழைய துளைகளுக்குள் மட்டும் மெல்லிய கம்பியை வளைத்து விட்டு, சுரங்கம் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று அளந்து எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆபத்து உண்டா இல்லையா என்று சொல்ல முடியும்.

உயிரியல் ஆசிரியை எழுதியது:

தச்சர் ஐயா சொன்னவற்றோடு இந்த உயிரியின் வாழ்க்கையையும் சற்று விளக்க விரும்புகிறேன். அதை அறிந்தால் எந்த வழி பலிக்கும், எது வீண் என்பது தானாகவே விளங்கும்.

நாம் கருவண்டு என்று அழைத்தாலும் இது தேனீக்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. சைலோகோப்பா என்னும் இந்தப் பேரினத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 500 இனங்கள் உள்ளன. இலங்கையிலும் பல இனங்கள் வாழ்கின்றன. வெயிலில் நீலமும் ஊதாவுமாக மின்னும் சிறகுகளோடு எருக்கலம் பூவில் வந்து இறங்குகிறதே, அது இவற்றுள் ஒன்று. தேனீயைப்போல் ஆயிரக்கணக்கில் கூடி வாழாமல், ஒரு தாய் தனக்கென ஒரு கூட்டை அமைத்துக்கொள்கிறாள். சில கூடுகளில் ஒன்றிரண்டு வண்டுகள் சேர்ந்திருப்பதும் உண்டு.

முக்கியமான செய்தி, இது மரத்தை உண்பதில்லை என்பதே. தாடைகளால் கடித்து அகற்றிய தூளை வெளியே தள்ளிவிடுகிறது, அல்லது கூட்டுக்குள் தடுப்புச் சுவர் கட்டப் பயன்படுத்துகிறது. அதன் உணவு பூந்தேனும் மகரந்தமும் மட்டுமே. எனவே மரத்துக்குள் ஊறச்செய்யும் போரிக் அமிலக் கரைசல் போன்றவை, மரத்தைத் தின்னும் கறையானையும் உளுவையும் தடுக்குமளவுக்கு இதைத் தடுப்பதில்லை.

எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் நெடுக்காகப் பிளந்த காய்ந்த முருங்கைக் கொம்பு ஒன்றை வைத்திருக்கிறோம். வாசல் நேராக உள்ளே சென்று, விரைவிலேயே செங்கோணமாகத் திரும்பி, மரத்தின் நார் ஓடும் திசையிலேயே நீள்கிறது. சுரங்கத்தின் உட்சுவர் சீவுளி பிடித்ததற்கு ஈடான வழுவழுப்போடு இருக்கிறது. அது முழுவதும் மரத்தூளை எச்சிலில் குழைத்துக் கட்டிய வட்டத் தடுப்புகளால் சிற்றறைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது; தடுப்பின் ஒரு முகத்தில் தூளைச் சுற்றிச் சுற்றி வைத்த சுருள்வரி தெளிவாகத் தெரிகிறது. ஒவ்வோர் அறையிலும் தேனில் பிசைந்த மகரந்தக் கட்டி ஒன்றும் அதன்மேல் சற்றே வளைந்த வெண்ணிற முட்டை ஒன்றும் வைக்கப்படுகின்றன. அந்த முட்டை ஒரு சென்ரிமீற்றருக்கும் மேற்பட்ட நீளம் கொண்டது; பூச்சிகளின் முட்டைகளுள் மிகப் பெரியவற்றில் அதுவும் ஒன்று. உள்ளே ஆழத்தில் உள்ள அறை முதலில் கட்டப்பட்டதால் அங்கே கூட்டுப்புழு இருக்கும்போது வாசலோரத்து அறையில் முட்டைதான் இருக்கும். மாணவர்கள் இந்தக் கொம்பை மேசையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாடநூல் படம் தராத வியப்பை அது தருகிறது.

முட்டை இளவண்டாகி வெளிவர ஏறக்குறைய ஒன்றரை மாதம் செல்லும். வெளிவந்த பின்னரும் இளவண்டுகள் சில வாரங்கள் அதே கூட்டில் தங்குவதுண்டு. புதிய சுரங்கம் தோண்டுவது கடும் உழைப்பு என்பதால், பழைய சுரங்கத்தையே அடுத்த தலைமுறை நீட்டித்துப் பயன்படுத்துகிறது. ஒரு கூட்டால் மரம் முறிவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே மரத்தை விட்டுவைப்பதால்தான் கேடு வருகிறது.

ஸ்காபரோவிலிருந்து எழுதியது:

நான் கனடாவில் வசிக்கிறேன். மானிப்பாயில் உள்ள பெற்றோரின் வீட்டிலும் இதே தொல்லை இருக்கிறது என்று தங்கை சொன்னாள். இங்கே தென் ஒன்ராறியோவில் வீட்டின் பின்புற மரத்தளங்களிலும் கூரை விளிம்புப் பலகைகளிலும் இதன் உறவினம் ஒன்று துளையிடுகிறது. துளையால் வரும் சேதத்தைவிட, உள்ளே இருக்கும் புழுக்களைத் தின்ன வரும் மரங்கொத்தி பலகையைக் கிழித்தெறிவதால் வரும் சேதம் பெரிது. பலர் பொறி வாங்கித் தொங்கவிடுகிறார்கள். அது பக்கங்களில் சரிவாகத் துளையிட்ட சிறு மரப்பெட்டி. அடியில் ஒளி ஊடுருவும் போத்தல் பூட்டியிருக்கும். துளை என்று நினைத்து நுழையும் வண்டு வெளிச்சத்தை நாடிப் போத்தலுக்குள் இறங்கி, மேலே ஏற வழியின்றி இறந்துவிடும். இலையுதிர் காலத்தில் துளைகளை அடைத்துவிடுவதும் வழக்கம். மானிப்பாய் வீட்டுக்கும் அத்தகைய பொறி இரண்டை அனுப்பலாமா என்று யோசிக்கிறேன்.

உயிரியல் ஆசிரியை எழுதியது:

அண்ணா, அக்கறையோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை வட அமெரிக்கக் காலநிலைக்கு எழுதப்பட்டவை என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே ஆண்டுக்கு ஒரு தலைமுறை மட்டுமே தோன்றுகிறது. கோடை முடிவில் வெளிவரும் வண்டுகள் பனிக்காலத்தைச் சுரங்கத்துக்குள் கழித்துவிட்டு வசந்தத்தில் இணைசேர்கின்றன. யாழ்ப்பாணத்தில் பனிக்காலம் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறைகள் வரக்கூடும், ஆண்டின் எந்த மாதத்திலும் ஏதேனும் ஒரு துளைக்குள் குஞ்சு இருக்கலாம். ஆகவே இந்த மாதத்தில் அடையுங்கள் என்று நாட்காட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது, துளையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உயிருள்ள கூட்டை அடைத்தால் உள்ளே இருக்கும் வண்டு மரத்தின் வேறொரு பக்கத்தால் புதிய வாசல் வெட்டிக்கொண்டு வெளியே வரும். அவ்வாறு வர முடியாதவை உள்ளேயே இறந்து அழுகும்.

பொறியைப் பொறுத்தவரை, அது வண்டைப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அடுத்த வளவிலிருந்து வரும் வண்டையும் சேர்த்தே அது பிடிக்கும். வர்ணமற்ற உங்கள் மரமோ அப்படியே இருக்கும். வண்டை விரும்பி அழைக்கும் மரத்தை மாற்றாமல் வண்டை மட்டும் குறைத்துக்கொண்டிருப்பது முடிவில்லாத வேலை.

அச்சுவேலி முருங்கைத் தோட்டம் எழுதியது:

ஆசிரியை பணிவாகச் சொன்னதை நான் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். தயவுசெய்து அந்தப் பொறிகளை இந்தக் குடாநாட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

எனக்கு முருங்கையும் கத்தரியும் கொடித்தோடையும் (பாஷன் பழக்கொடி) உண்டு. முருங்கைப் பூவுக்குச் சிறு தேனீயும் வரும், ஆனால் கருவண்டு வந்து இறங்கும்போது பூவின் கீழிதழ் அதன் எடையில் தாழ்ந்து, மகரந்தம் அதன் மார்பிலும் முதுகிலும் படிவதை அருகில் நின்று பார்க்கலாம். முருங்கைக்குக் கருவண்டு சிறந்த மகரந்தச் சேர்க்கையாளர் என்று இந்தியாவில் செய்யப்பட்ட ஆய்வுகளும் கூறுகின்றன. கத்தரிப் பூவின் மகரந்தப்பை மற்றப் பூக்களைப்போல் வெடித்துத் திறப்பதில்லை. அதன் நுனியில் உள்ள சிறு துவாரத்தால்தான் தூள் வெளிவர வேண்டும். கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து, சிறகை விரிக்காமல் பறப்புத் தசைகளை மட்டும் அதிரவைத்து அந்தத் தூளை உதிர்க்கிறது. அந்த நேரத்தில் அதன் இரைச்சல் மாறுவதைக் காதால் கேட்கலாம். நீலக்கோட்டுத் தேனீயும் இதைச் செய்யும், கூட்டில் வளர்க்கும் தேனீயால் இயலாது. ஆவரசும் கொன்றையும்கூட இந்த அதிர்வை நம்பியிருப்பவைதான்.

கொடித்தோடையின் நிலைமை இன்னும் கடினமானது. மஞ்சள் இனக் கொடித்தோடை தன் பூவின் மகரந்தத்தால் காய்க்காது. வேறு கொடியிலிருந்து மகரந்தம் வர வேண்டும். பூ நண்பகலை அண்டி விரியும். தேனீ உள்ளே நுழைந்து தேனைக் குடித்துவிட்டு மேலே தொங்கும் மகரந்தப்பையைத் தொடாமலே போய்விடும். கருவண்டின் முதுகு மட்டுமே அதைத் தொடும் உயரம் கொண்டது. கருவண்டு இல்லாத தோட்டத்தில் மனிதர் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்பு எங்கள் ஒழுங்கைகள் எல்லாம் கதியால் வேலிகள். பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவை, முள்முருங்கை என்று நட்ட கதியால்களில் சில பட்டுப்போய் நிற்கும். அந்தப் பட்ட கதியால்களிலும் வேலியில் வரிந்த பனைமட்டைகளிலும்தான் கருவண்டு குடியிருந்தது. இப்போது பெரும்பாலும் மதில்கள் எழுந்துவிட்டன. பட்ட மரம் வளவில் நின்றால் அன்றே தறித்து விறகாக்குகிறோம். வண்டுக்குக் காய்ந்த மரம் என்று மிஞ்சியிருப்பது நம்முடைய விறாந்தைக் கைமரம்தான் என்றால், அது அங்கே வருவதில் என்ன புதுமை இருக்கிறது? வீட்டு மரத்தை மூடுங்கள், வளவின் கோடியில் அதற்கு ஒரு பட்ட மரத்தை விட்டுவையுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் பலன் கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

கோண்டாவில்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஏறிப் பார்த்தேன். பனங் கைமரங்களில் உள்ள துளைகள் யாவும், தச்சர் ஐயா சொன்னதுபோல், வெளிறிய உட்பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றுள் பழையவற்றில் கம்பி ஏறத்தாழ ஒரு சாண் தூரம் ஓடி நிற்கிறது. மாற்றிய சலாகைகள் மென்மரம்தான். நகத்தால் அழுத்தினால் பதிகிறது. அவற்றில் ஒன்றில் இரு முனைகளிலிருந்தும் சுரங்கம் ஓடி நடுவில் சந்தித்திருக்கிறது. வேலை நடக்கும் துளைகள் பெரும்பாலும் மேற்குப் பக்கத்திலேயே உள்ளன. எந்த ஒழுங்கில் வேலையைத் தொடங்குவது?

உரும்பிராய்த் தச்சர் எழுதியது:

நீங்கள் தந்த அளவுகளைப் பார்த்தால் கைமரங்களுக்கு உடனடி ஆபத்து இல்லை. பருமனான மரத்தில் ஒரு சாண் சுரங்கம் அதன் பலத்தை அதிகம் குறைக்காது. இரு முனையிலும் குடைந்த அந்தச் சலாகையை மட்டும் இப்போதே மாற்றுங்கள்; ஓடு திருத்த ஏறுபவர் அதில் கால் வைத்தால் முறியும். கழற்றிய சலாகையை எரித்துவிடாமல் வளவின் கோடியில் மழை படாத இடத்தில் வைத்தால், உள்ளே இருக்கும் குஞ்சுகள் தம் காலத்தில் வெளியேறிக்கொள்ளும்.

மற்றவற்றுக்கு, முதலில் வர்ணம் பூச வேண்டும், துளையை அடைப்பது அதற்குப் பிறகுதான். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அருகில் வெறும் மரம் இருக்கும்போது துளையை அடைத்தால், வண்டு அடுத்த சாணில் புதிய துளை தொடங்கும். ஒரு துளை இருந்த இடத்தில் இரண்டு ஆகிவிடும்.

சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் வறண்ட மாதங்களில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மாரிக்கு முன் முடிந்துவிட வேண்டும். ஈர மரத்தில் வர்ணம் பிடிக்காது. மரத்தை அரத்தாளால் தேய்த்து, தூசி தட்டி, வெடிப்புகளையும் பழைய ஆணித் துளைகளையும் புட்டியால் நிரப்புங்கள். வண்டு துளை தொடங்குவதற்குக் கரடான இடத்தையும் வெடிப்பின் ஓரத்தையுமே தேடும். பிறகு ஓர் அடிப்பூச்சும் அதன்மேல் இரண்டு கை இனாமல் பெயின்றும் பூசுங்கள். கீழே நின்று பார்ப்பவருக்குத் தெரியும் பக்கத்தை மட்டும் பூசிவிட்டுப் போகும் வேலைக்காரரை நம்பாதீர்கள். கைமரத்தின் அடிப்புறம், ஓட்டுக்கும் மரத்துக்கும் இடையே கை நுழையும் பக்கம், தாழ்வாரத்துக்கு வெளியே நீண்டிருக்கும் வெட்டுமுனை ஆகிய இடங்களைத்தான் வண்டு முதலில் சோதிக்கும். மரத்துக்கு நிறம் ஏற்றும் சாயமும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் இதற்குப் போதாது. மரத்தின் மேல் ஒரு தடித்த படலம் நிற்க வேண்டும். உயிருள்ள துளைகளைச் சுற்றி மட்டும் இரு விரல் அகலம் பூசாமல் விட்டுவிடுங்கள்.

அடுத்தது காத்திருப்பு. தூள் விழுவது நின்ற பிறகு ஏறக்குறைய இரண்டு மாதம் துளையைக் கவனியுங்கள். அந்தியில், கஞ்சிப்பசை தடவிய பத்திரிகைத் தாள் துண்டு ஒன்றை வாசலில் ஒட்டிவிடுங்கள். உள்ளே வண்டு இருந்தால் மறுநாளே கடித்துக்கொண்டு வெளியே வரும், அதனால் அதற்கு ஒரு தீங்கும் இல்லை. தாள் கிழியாமல் வாரக்கணக்கில் நின்றால் கூடு காலி. காலியான கூட்டை அப்படியே விடக் கூடாது. வேறொரு வண்டு வந்து குடியேறிவிடும்.

அடைப்பதற்குச் சீமெந்து வேண்டாம். வெயிலுக்கும் மழைக்கும் மரம் சுருங்கி விரியும், சீமெந்து அவ்வாறு அசையாது. ஒரு மாரி கழிவதற்குள் கழன்று விழும். புட்டியை மட்டும் வைத்தால் வண்டு கடித்தெடுத்துவிடும். பாத்திரம் தேய்க்கும் எஃகுக் கம்பிச் சுருளைச் சுரங்கத்துக்குள் இறுக்கமாகத் தள்ளிவிட்டு, வாசலுக்கு முதிரை அல்லது பாலையில் கடைந்த முளை ஒன்றை மரப்பசை தடவி அடித்து இறக்குங்கள். வெளியே நீட்டும் பகுதியை மட்டமாக அறுத்து, தேய்த்து, புட்டி இட்டு, விடுபட்ட வட்டத்தையும் சேர்த்து வர்ணம் பூசினால் வேலை முடிந்தது.

சாவகச்சேரி வாசகர் எழுதியது:

எங்கள் பக்கத்தில் பழைய என்ஜின் ஒயிலை மரத்துக்குப் பூசுவார்கள். வேலித் தூண்களுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் அதுவே வழக்கம், செலவும் இல்லை. வர்ணத்துக்கு ஏன் இவ்வளவு பணம் செலவிட வேண்டும்?

உயிரியல் ஆசிரியை எழுதியது:

செலவைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனாலும் பாவித்த என்ஜின் ஒயிலில் பார உலோகங்களும் எரிந்த எச்சங்களும் கலந்திருக்கின்றன; தாழ்வாரத்தில் பூசினால் அடுத்த மாரியில் அது பீலி வழியே முற்றத்துக்கு இறங்கும். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. நாம் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீரைக் கிணற்றால் அள்ளிக் குடிக்கிறோம். முற்றத்தில் ஊற்றுவது கிணற்றுக்குப் போய்ச் சேர அதிக காலம் வேண்டியதில்லை. துளைக்குள் ஊற்றும் பூச்சிமருந்துக்கும் இதே காரணம் பொருந்தும். மண்ணெண்ணெயோ கூரைக்குள் மின்கம்பி ஓடும் வீட்டில் தீக்கு வழிவைக்கும். காய்ந்த பனையில் தீப்பற்றினால் அணைப்பது கடினம்.

வேப்பெண்ணெயையும் தேசிக்காய்த் தோல் ஊறிய நீரையும் பற்றித் தனிமடலில் கேட்டிருந்தார்கள். இவற்றால் தீங்கு இல்லை. துளை தொடங்கும் இடத்தில் தடவினால் சில நாட்களுக்கு வண்டு தயங்கக்கூடும். ஆனால் வேம்பின் சத்து முக்கியமாகப் பூசிய பொருளை உண்ணும் பூச்சியிடத்தில் வேலை செய்வது. கருவண்டு மரத்தை உண்பதில்லை என்று முன்பே சொன்னேன். வெயிலில் அந்தச் சத்து விரைவில் சிதைந்தும் விடும். வர்ணம் பூசும்வரை இடைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், வர்ணத்துக்குப் பதிலாக அல்ல.

கரவெட்டித் தாய் எழுதியது:

எங்கள் வீட்டில் ஒரு வண்டு முகத்துக்கு நேரே வந்து அந்தரத்தில் நின்று முறைக்கிறது. பிள்ளைகள் முற்றத்தில் விளையாடப் பயப்படுகிறார்கள். கொட்டினால் ஆபத்தா?

உயிரியல் ஆசிரியை எழுதியது:

அக்கா, அவ்வாறு வந்து நிற்பது பெரும்பாலும் ஆண். தன் எல்லைக்குள் வருவது எதுவாயினும் அருகில் வந்து பார்க்கும். அதற்குக் கொடுக்கே இல்லை. சில இனங்களில் ஆண் முழுவதும் மஞ்சளாகவோ தவிட்டு நிறமாகவோ இருப்பதால் வேறு பூச்சி என்று நினைப்பவர்களும் உண்டு. பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு, ஆனால் கையால் பிடித்தாலோ வாசலை விரலால் அடைத்தாலோ அன்றிக் கொட்டாது. துளைக்குள் குச்சி விடக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். எவருக்காவது கொட்டிய பின் மூச்சுத் திணறலோ முகவீக்கமோ கண்டால் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இது எந்தத் தேனீக்கும் குளவிக்கும் பொருந்தும் விதி.

கோண்டாவில்வாசி எழுதியது:

வளவின் கோடியில் வண்டுக்கு மரம் வைப்பது பற்றி அச்சுவேலி ஐயா இன்னும் விரிவாகச் சொன்னால் நல்லது. அம்மா இதைக் கேட்டதும் மகிழ்ச்சி அடைந்து, எந்த மரம் வைப்பது என்று இப்போதே கேட்கிறார்.

அச்சுவேலி முருங்கைத் தோட்டம் எழுதியது:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நன்கு காய்ந்த முருங்கை அல்லது முள்முருங்கைக் கொம்புகள் போதும். மணிக்கட்டை விடப் பருமனாகவும் ஒரு முழத்துக்குக் குறையாத நீளமாகவும் இருக்கட்டும். பட்டை உரிய வேண்டியதில்லை, வர்ணமோ எண்ணெயோ தொடக் கூடாது. பச்சை மரத்துக்கு வண்டு வராது. உக்கி நொறுங்கும் மரத்துக்கும் வராது. தரையில் போட்டால் கறையான் ஏறிவிடும். ஆகையால் இரண்டு கவர்க்கால்களை நட்டு, அவற்றின்மேல் நெஞ்சளவு உயரத்தில் கொம்புகளைக் கிடையாகக் கட்டி, மேலே ஒரு தகரத் துண்டோ நான்கு காவோலையோ போட்டு மழையை மறையுங்கள். வீட்டிலிருந்து இயன்ற தூரத்தில், காலை வெயில் விழும் பக்கத்தில் வையுங்கள். முடிந்தால் விறாந்தைக்கு வர்ணம் பூசுவதற்கு முன்பே இதை வைத்துவிடுங்கள். விரட்டிய பின் இடம் தேடுவதைவிட, இடம் இருக்கும்போது வாசல் மூடுவது வண்டுக்கும் உங்களுக்கும் நல்லது.

ஒருமுறை குடியேறிவிட்டால் அந்தக் கொம்பை அசைக்காதீர்கள். மாரிக்கு விறகு சேர்க்கும் காலத்தில் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள், அடுப்புக்கு எடுக்கும் எந்தக் கொம்பிலும் வட்டத் துளை இருக்கிறதா என்று பார்க்கும்படி. கொம்பு உக்கத் தொடங்கினால் பக்கத்தில் புதியதைக் கட்டுங்கள், பழையதை அகற்ற அவசரப்பட வேண்டாம்.

ஸ்காபரோவிலிருந்து எழுதியது:

பொறி அனுப்பும் எண்ணத்தைக் கைவிட்டேன். அந்தப் பணத்தை வர்ணத்துக்கு அனுப்புகிறேன். ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கிறது. மானிப்பாய் வீட்டின் தலைவாசற் கதவும் நிலையும் பழைய சித்திர வேலைப்பாடு கொண்டவை. அவற்றுக்கு இனாமல் பூச மனம் வரவில்லை. நிலையின் மேற்கட்டையில் துளை ஒன்று தொடங்கியிருக்கிறதாம்.

உரும்பிராய்த் தச்சர் எழுதியது:

சித்திர வேலைக்கு இனாமல் பூசாதீர்கள். பூவின் இதழும் கொடியின் மடிப்பும் வர்ணத்துக்குள் மறைந்துபோகும். நிறமற்ற பொலியூரித்தேன் வார்னிஸ் போதுமானது, ஆனால் மூன்று கை பூச வேண்டும். ஒவ்வொரு கைக்கும் இடையே மென்மையான அரத்தாளால் இலேசாகத் தேய்க்க வேண்டும். வெளிவாசல் என்பதால் வெயிலைத் தாங்கும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். சில ஆண்டுகளில் அது வெளிறி உரியத் தொடங்கும், அப்போது மறுபடி பூச வேண்டும். வர்ணத்தைவிட இதற்குப் பராமரிப்பு அதிகம். கதவின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் கழற்றியாவது பூசுங்கள், அந்த இரண்டையும் மறந்துவிடுபவர்களே அதிகம்.

மேற்கட்டையில் தொடங்கிய துளை ஆழம் குறைந்து நேராகவே நின்றால், உள்ளே திரும்பவில்லை என்றும் முட்டை இன்னும் வைக்கப்படவில்லை என்றும் கொள்ளலாம். வண்டு வெளியே சென்ற வேளையில் அதை இப்போதே அடைத்துவிடலாம், காத்திருக்கத் தேவையில்லை. முளையை நிலையின் அதே இன மரத்தில் கடையச் சொல்லுங்கள், நார் ஓடும் திசையும் ஒத்திருக்க வேண்டும். தங்கையிடம் துளையின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து அனுப்பச் சொன்னால், முளையை இங்கேயே கடைந்து வைத்துவிடுகிறேன்.